முகாமா, வாடகை வீடா: இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை எங்கே வைப்பது நாட்டுக்கு நல்லது?

மாதவரத்தில் எங்கள் மாடி போர்ஷனை ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்கு விட்டிருக்கிறோம். அரசின் அகதிகள் முகாமில் இல்லாமல், காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாழ்பவர்கள். “இவங்களுக்கு வீடு விட்டா நாளைக்கே போலீஸ் வந்து நிக்கும், பாத்துக்குங்கண்ணா” என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முகாமின் வசதிகள் தெரிந்தவைதான். வாடகை கிடையாது, மாத உதவித்தொகை உண்டு. 2021-ல் அது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்ந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டமும் அப்போதுதான் வந்தது. வெளியே இருந்தால் அந்தப் பணம் இல்லை, அட்வான்ஸுக்கும் அலைய வேண்டும். செலவை மட்டும் பார்த்தால் முகாம்தான் மேல்.

பாதுகாப்புக்கு வருவோம். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இலங்கைத் தமிழர்கள் மீது கெடுபிடி கூடியது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாட்டுக்கு வேண்டியது என்ன? யார், எங்கே, என்ன செய்கிறார் என்ற கணக்கு. முகாமில் செக்கிங் அன்று தலையை எண்ணுகிறார்கள். பெயின்ட் வேலைக்கு வெளியூர் போனவர் அன்றைக்கு ஓடி வந்து நின்று, மறுநாள் மறுபடி கிளம்புகிறார். நடுவில் அவர் எங்கே தங்கினார் என்பதை அந்தப் பதிவேடு சொல்லாது.

எங்கள் மாடிக் குடும்பத்தின் பதிவுத் தாள், ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. நான் ஸ்டேஷனுக்குப் போய் வாடகைதாரர் படிவம் கொடுத்தபோது, அங்கிருந்த ஏட்டு என் போன் நம்பரையும் சேர்த்து எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடம், கேஸ் ஏஜென்சி, அந்த வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பட்டறை, எங்கே கேட்டாலும் அவர்களைத் தெரியும். மாடியில் புது ஆள் இரண்டு நாள் தங்கினால் பால்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும். வேலி போடாமலே இவ்வளவு கண் இருக்கிறது.

வடசென்னைக்கு இது புதிதும் இல்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியில் குடியேறி, பீச் ஸ்டேஷன் பக்கம் கடை போட்டு, நம்மோடு நம்மாகிவிட்டார்கள். அவர்கள் சட்டப்படி தாயகம் திரும்பியவர்கள், இவர்கள் அப்படியில்லை என்பது உண்மைதான். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை தரும் நாடுகளிலும் இலங்கை இல்லை. ஆனால் 2025-ல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய வெளிநாட்டினர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்தது. அங்கேயும் பதிவைத்தான் கேட்டார்கள்.

அப்புறம், 2022-ல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது படகில் வந்து மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டவர்கள் விஷயம் வேறு. அப்படிப்பட்டவர்களோடு எனக்குப் பழக்கமில்லை. விசாரணை முடியும்வரை அவர்கள் முகாமில் இருப்பது சரி என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த விசாரணைக்கு ஒரு கெடு வைக்க வேண்டும். அது முடிந்ததும் வெளியே வீடு பார்க்க விட வேண்டும்.