தலையணையா, ஊசி முனையா? சிசேரியனுக்குப் பின் வரும் தலைவலியைத் தடுப்பது எது?

சிசேரியன் முடிந்து இரண்டாம் நாள். பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்த என் தங்கைக்குப் பின்மண்டையிலிருந்து கழுத்து வரை பிடித்து இழுக்கும் வலி. படுத்தால் அடங்கியது, எழுந்தால் திரும்பியது. "தலையணை வைத்துப் படுத்திருப்பாய், அதனால்தான்" என்று பெரியம்மா கடிந்துகொண்டார். பச்சை உடம்புக்காரி, செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

சிசேரியனுக்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் போடும் மயக்க ஊசி தண்டுவட உறையைத் துளைக்கிறது. அந்தத் துளை வழியே தண்டுவட நீர் கசிவதுதான் வலிக்குக் காரணம். இந்த மயக்க முறையை 1898-இல் தொடங்கிவைத்த ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர், தன் முதுகிலேயே ஊசி போடச் செய்து, இதே வலியில் பல நாள் படுத்துக் கிடந்தார். ஆகவே துளை எப்படி விழுகிறது என்பதே கேள்வி.

குயின்கே என்ற பழைய வகை ஊசியின் முனை சாய்வாக வெட்டியது. உறையின் இழைகளை அறுத்துக்கொண்டு போகும். விட்டேக்கர், ஸ்ப்ராட்டே ஊசிகளுக்குச் சீவிய பென்சில் போன்ற முனை, பக்கவாட்டில் துளை. இழைகளை விலக்கிக்கொண்டு நுழையும். 110 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கில், முதுகில் ஊசி குத்தப்பட்டவர்களில் தலைவலி வந்தது பழைய வகையில் 11 சதவீதம், பென்சில் முனை போன்ற வகையில் 4.2 சதவீதம். விலை கூடுதல்தான். ஆனாலும் இளம் தாய்மார்களுக்கே இந்த வலி அதிகம் வருகிறது. அவர்கள் விஷயத்தில் விலை பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊசியின் பருமனைச் சொல்வது கேஜ் எண்; அது கூடக்கூட ஊசி மெலியும். குயின்கேதான் இருக்கிறது என்றால் 22-ஐவிட 27 எவ்வளவோ மேல். அதற்காக 29-க்குப் போனால் ஊசி வளையும், சரியான இடத்தைத் தொட்டதைக் காட்டும் தண்டுவட நீர் சொட்டத் தாமதமாகும், மறுபடி குத்த நேரலாம். பென்சில் முனையில் 25 அல்லது 27 என்பதே என் தேர்வு.

தலையணை இல்லாமல் மல்லாந்து படுப்பதும், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் வலியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. வந்த வலி படுத்தால் அடங்குவதால், படுத்தே கிடந்தால் வராது என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது.

அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடம் "எந்த முனை, எந்த கேஜ்?" என்று கேளுங்கள். பிறகு வலி வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் அவரிடமே சொல்லுங்கள். காய்ச்சல், பார்வை மங்கல், வலிப்பு சேர்ந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.