பிறவி அறிவா, கற்ற அறிவா: கிரேக்கத் தத்துவக் காணொளிப் பாடம் ஒன்றின் மதிப்புரை

அறிவு நம்மோடு பிறப்பதா, கற்றுப் பெறுவதா என்ற கேள்வியைப் பண்டைய கிரேக்கர் எப்படி அணுகினர் என்பதை விளக்கும், ஆறு பகுதிகள் கொண்ட இணையவழிப் பாடம் ஒன்றை அண்மையில் பார்த்து முடித்தேன். இரண்டாம் பகுதிக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான்காம் பகுதியில்தான் எனக்கு மனக்குறை.

இரண்டாம் பகுதி பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலைப் பற்றியது. அதில், வடிவியலே படித்திராத ஓர் அடிமைச் சிறுவனிடம், 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தைப் போல இருமடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று சாக்ரடீஸ் கேட்கிறார். பாட ஆசிரியர் இதைக் கதையாகச் சொல்லிக் கடக்காமல், தாளும் பென்சிலும் எடுத்து நம்மையே வரையச் சொல்கிறார். பக்கத்தை 4 அடியாக்கினால் பரப்பு 8 ஆகாமல் 16 ஆகிறது. 3 அடியாக்கினால் 9 ஆகிறது. சிறுவன் திகைத்து நின்ற இடத்தில் நாமும் திகைத்து நின்ற பிறகுதான் மூலைவிட்டம் வருகிறது; அதைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தின் பரப்புதான் 8. உடனே, 'அந்தக் கோட்டை வரைந்தது யார்?' என்று ஆசிரியர் கேட்கிறார். வரைந்தவர் சாக்ரடீஸ். அப்படியானால் கற்றல் என்பது ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்வதே என்ற பிளேட்டோவின் கருத்துக்கு இது எவ்வளவு வலுவான சான்று என்ற ஐயம், யாரும் ஊட்டாமலே நமக்குள் எழுந்துவிடுகிறது.

நான்காம் பகுதியில் அரிஸ்டாட்டிலை இதே பொறுமையோடு நடத்தியிருக்கலாம். மனம் ஏதும் எழுதப்படாத பலகை போன்றது என்ற உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பிளேட்டோவின் நேர் எதிரியாக நிறுத்திவிடுகிறார்கள். மற்ற அறிவுக்கெல்லாம் அடிப்படையான முதற்கோட்பாடுகளைப் பற்றிய அறிவு முழு வடிவில் நம்முள் முன்பே இருப்பதில்லை, புலனுணர்விலிருந்து நினைவும், பல நினைவுகளிலிருந்து அனுபவமும், அதிலிருந்து பொதுக்கருத்தும் உருவாகின்றன என்று அவர் வேறொரு நூலில் படிப்படியாக விளக்குகிறார். அங்கே, சிதறி ஓடும் படையில் ஒருவன் நின்றதும் அடுத்தவன் நிற்க, பின் மற்றொருவன் நிற்க, அணி மீண்டும் கூடுவதை அவர் உவமையாகக் காட்டுகிறார். வரைபடமாகக் காட்ட இதைவிட வாகான இடம் கிடைக்காது; ஆனால் பாடத்தில் அது இல்லவே இல்லை.

'தியேட்டட்டஸ்' உரையாடலில், குழந்தைப் பருவத்தில் மனம் பறவைகளற்ற கூண்டாக, அதாவது அறிவு ஏதும் இன்னும் சேராததாக, இருக்கிறது என்று பிளேட்டோவின் சாக்ரடீஸே சொல்வதை ஐந்தாம் பகுதி எடுத்துக்காட்டுவது ஓரளவு ஈடுசெய்கிறது. பிற்காலக் கிரேக்கத் தத்துவப் பள்ளியினரான ஸ்டோயிக்குகளைப் பற்றிய இறுதிப் பகுதி சுருக்கமானது, போதுமானது.

ஒலிப்பதிவில் குறையில்லை. வசனவரிகளில் மட்டும், மேற்சொன்ன பிளேட்டோவின் கருத்தைக் குறிக்கும் 'அனம்னீசிஸ்' என்ற ஒரே கிரேக்கச் சொல் ஓரிடத்தில் 'நினைவுகூர்தல்' என்றும், சில நிமிடங்களிலேயே 'முற்பிறவி நினைவு' என்றும் மாறுகிறது. புதிதாகப் படிப்பவர் இவற்றை இரு வேறு கோட்பாடுகள் என்றே எண்ணிவிடுவார்.