கொழுப்பு அளக்கும் வெயிட் மெஷின்: ஐந்து மாதம் ஏறி இறங்கிய கதை

பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே திட்டவும் போகிறேன், அதுவுமில்லாமல் இந்த விலையில் கிடைக்கிற எல்லா மெஷினும் கிட்டத்தட்ட ஒரே சாதிதான். கறுப்புக் கண்ணாடித் தட்டு, நாலு மூலையிலும் வெள்ளி நிறத் தகடு, ப்ளூடூத், போனில் ஒரு ஆப். 1,499 ரூபாய். வெறுங்காலோடு ஏறி நின்றால் எடையோடு சேர்த்து உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று 13 எண்கள் சொல்லும். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. கொண்டுவந்த பையன் "சேச்சி, நல்ல வெயிட்டுண்டல்லோ" என்றான். அவன் சொன்னது பெட்டியைத்தான். எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது. என் உயரம் 156 சென்டிமீட்டர், அன்றைய எடை 84 கிலோ, வயது 41. அந்தச் சுருக்குக்கு இவ்வளவு போதும்.

வாங்கிய காரணம் ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர். கேரளத்தில் 30 வயது தாண்டியவர்களை வீடு வீடாக வந்து வாழ்க்கைமுறை நோய்களுக்காகக் கேள்வி கேட்டுப் பதிவு செய்கிறார்கள் அல்லவா, அப்படி வந்தவர் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு 98 என்றார். நம் ஊர்ப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் வரம்பு. அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரஷர் 146-க்கு 94, மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.3 சதவீதம். அதாவது சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறேன், இன்னும் உள்ளே போகவில்லை. டாக்டரம்மா திட்டவில்லை. "முதலில் நாலைந்து கிலோ குறையட்டும், அதற்கே பலன் தெரியும்" என்றார். நாலைந்து கிலோ என்றால் அளக்க மெஷின் வேண்டுமே என்று வாங்கினேன்.

முதலில் எடை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையை வைத்தேன், 10.05 காட்டியது. ஐந்து தடவை ஏறி இறங்கினேன், நூறு கிராமுக்கு மேல் மாறவில்லை. ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய சிவப்புச் சிமென்ட் தரை, அங்கே வைத்தால் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது. (முதல் வாரம் முழுக்க அங்கேதான் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) டைல்ஸ் போட்ட அறையில் ஒரே இடத்தில் வைத்து, காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்து, எதுவும் குடிக்கும் முன் பாருங்கள்.

இனி அந்தக் கொழுப்புக் கணக்கு. மெஷின் உடம்புக்குள் எட்டிப் பார்ப்பதெல்லாம் இல்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு, நமக்குத் தெரியாத அளவு மெல்லிய மின்சாரத்தை அனுப்புகிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடுக்கும். அந்தத் தடையை அளந்து, நீங்கள் ஆப்பில் கொடுத்த வயது, உயரம், ஆணா பெண்ணா எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்குப் பண்ணிச் சொல்கிறது. மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்குகிறது, ஆகவே உண்மையில் அளக்கப்படுவது பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான். வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்பு என்று அது காட்டுகிற எண் பாதிக்கு மேல் அனுமானம். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இதில் ஏறக் கூடாது, அது பெட்டியிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது.

சோதித்துப் பார்த்தேன். காலையில் 41.3 சதவீதம். குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறினால் 39.6. ஒரு சொம்பு வெந்நீர் குடித்தாலும் எண் நகர்கிறது. ஆப்பில் உயரத்தை மட்டும் பத்து சென்டிமீட்டர் கூட்டிப் போட்டேன், ஒரு கிராம் குறையாமலே என் கொழுப்பு நன்றாக இறங்கிவிட்டது. இந்த லட்சணத்தில் 'உங்கள் உடல் வயது 53' என்று வேறு சொல்கிறது. இது எந்த டாக்டரும் கேட்காத எண், தயவுசெய்து யாரும் அழாதீர்கள். நான் அழுதேன்.

என் மாமியாருக்குக் கொழுப்பே இல்லை என்கிறது மெஷின். அதாவது அளக்கவே மறுக்கிறது. அறுபது வருஷம் காட்டில் செருப்பில்லாமல் நடந்த கால், பித்தவெடிப்பு விரல் நுழைகிற அளவு இருக்கிறது, அந்தத் தடித்த தோலைத் தாண்டி மின்சாரம் போகவில்லை போல. எடை 51.8, மற்ற இடமெல்லாம் கோடு கோடாக. அத்தை சிரித்த சிரிப்பு!

என் கொழுந்தனாரைக் கதைக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும். 170 சென்டிமீட்டர், 58 கிலோ, ஒட்டடைக்குச்சி. "அண்ணி, சொன்னாத்தான் உறைக்கும், உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று பந்தியில் உட்கார்ந்தால்கூட என் இலையைப் பார்ப்பார். மெஷின் வந்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே ஏறினார். கொழுப்பு 26.8 சதவீதம், சிவப்பு நிறத்தில் 'அதிகம்'. வீடே அமைதி.

இது நடக்கக்கூடியதுதான். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையே போட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கான எடைக் கணக்கு (பிஎம்ஐ) ஒரே 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, அதுதான் நம் ஆட்களின் வாகு. அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு 30-க்கு மேல் உடல் பருமன் என்றால் நமக்கு 25-லேயே கோடு போடுகிறார்கள். என் கணக்கு 34.5, அதில் எனக்கு வாதம் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கே 1830-களில் பெல்ஜியத்துக்காரர் கெட்லே, மக்கள்கூட்டத்தின் சராசரியைப் பார்க்கப் போட்டது. அதை மட்டும் வைத்து ஒரு தனி ஆளுக்கு நோய் என்று சீட்டு எழுதாதீர்கள், இடுப்பளவையும் உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் பாருங்கள் என்று 2025 ஜனவரியில் ஒரு பெரிய நிபுணர் குழு சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் கொழுந்தனாரிடம் சொல்லிப் பழிவாங்க நாக்கு துடித்தது. அவர் முந்திக்கொண்டு "இது பிராடு மெஷின் அண்ணி" என்றார். என்னை 53 வயது என்று சொன்னபோது நானும் அதையேதான் சொன்னேன், அதனால் ஆமாம் தம்பி என்று விட்டுவிட்டேன். ஆனாலும் அடுத்த வாரம் சத்தமில்லாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவை நான் கேட்கவில்லை.

இனிமேல்தான் திட்டு. ஆப்பில் வீட்டார் எல்லோரையும் ஒரே குழுவில் சேர்க்கச் சொல்லும். சேர்த்தால் யார் ஏறினாலும் எல்லார் போனிலும் எண் வந்து விழும். இதை எங்கேயும் தெளிவாகச் சொல்லவில்லை. என் மகளுக்கு 13 வயது. அவள் தனியாக அறையைச் சாத்திக்கொண்டு ஏறியிருக்கிறாள், பொள்ளாச்சியில் இருக்கிற அவள் பெரியப்பா போனில் 'டிங்' என்று கேட்டிருக்கிறது, அவர் பாசத்தில் கூப்பிட்டு "என்ன கண்ணு, நம்ம வீட்லயே நீதான் வெயிட்டான ஆளாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் கோடு பொருந்தாது, வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். மெஷின் அவளையும் என்னையும் ஒரே சிவப்பில் காட்டுகிறது. குழுவைக் கலைத்துவிட்டு, இப்போது ஆப்பே இல்லாமல் தட்டில் தெரிகிற எடையை மட்டும் பார்க்கிறேன். நீங்கள் வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

குண்டாக இருப்பதன் உடம்புக் கஷ்டங்களை எல்லாரும் எழுதுகிறார்கள்: முழங்கால், குறட்டை, பிரஷர், ஈரலில் கொழுப்பு. எல்லாம் உண்மை, எனக்கே பாதி இருக்கிறது. ஆனால் கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் காலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காருவதை யாரும் எழுதுவதில்லை. பாலக்காட்டு பஸ்ஸில் இருவர் சீட்டில் பக்கத்திலிருப்பவர் ஒரு பெருமூச்சோடு ஜன்னல் பக்கம் நகர்வதும், போட்டோ எடுக்கும்போது நானாகவே பின் வரிசைக்குப் போய் யார் தோளுக்காவது பின்னால் நிற்பதும் அப்படித்தான். இரண்டு வருஷமாக மாமா வீட்டு விசேஷங்களுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தேன், வெளியே போகாததால் நடையும் குறைந்தது, எடை இன்னும் ஏறியது. இந்தச் சுற்றை எந்த ஆப்பும் காட்டாது.

மெஷினை வீட்டில் வைக்கலாமா கூடாதா என்பதிலேயே என்னைச் சுற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். என் கூட வேலை பார்க்கிற டீச்சர், கல்லூரிக் காலத்தில் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தவர், "அந்தச் சனியனைத் தூக்கிப் போடு, நன்றாக நட, நன்றாகத் தூங்கு, அது போதும்" என்கிறார். இதை வெறும் ஆறுதல் என்று தள்ள முடியவில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, எடையோ பெரிதாகக் குறையவே இல்லை. மெஷினை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் மூன்றாம் மாதமே விட்டிருப்பார்கள்.

அத்தையின் கட்சி நேர் எதிர். "உடம்பு பூசுனாப்புல இருந்தாத்தான் அம்மிணி லட்சணம்." எனக்குப் பல வருஷம் எரிச்சல் வரும். அத்தை பிறந்தது வடகரப்பதி பக்கம், சித்தூர் தாலுகாவின் மழை மறைவுப் பகுதி, கேரளம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், பனையும் கரட்டு நிலமுமாக இருக்கும். அங்கே அந்தக் காலத்தில் ஒல்லியாக இருப்பது என்றால் அந்த வீட்டில் ராத்திரி உலை வைக்கவில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் எனக்குக் கூட ஒரு கரண்டி வைக்கும்போது கோபம் வருவதில்லை. ஒரு கரண்டி குறைத்துச் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். கொழுந்தனாரோ அரசாங்கமே கண்டிக்க வேண்டும் என்கிறவர். 2016-ல் கேரளத்தில் பிராண்ட் கடைகளின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் வரி போட்டார்களே, அதைப் பரோட்டாவுக்கும் போட்டிருக்க வேண்டும் என்று இன்றும் சொல்வார். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாலு பரோட்டா பார்சல் வாங்கிவருவார். எனக்கு வரியில் நம்பிக்கை இல்லை, ஆனால் தன் அப்பாவை அவருடைய நாற்பத்தொன்பதாவது வயதில் மாரடைப்பில் இழந்தவர் அவர், பயத்தில் பேசுகிறார். என் இலையைப் பார்க்காதீர்கள் என்று மட்டும் ஒருநாள் நேராகச் சொன்னேன். இப்போது பார்ப்பதில்லை, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசுகிறார்.

ஐந்து மாதக் கணக்கு: 84-லிருந்து 79.6. இடுப்பு 98-லிருந்து 93. பிரஷர் 132-க்கு 86, சர்க்கரைச் சராசரி 5.9. சாயங்காலம் வாய்க்கால் கரையில் முக்கால் மணி நேரம் நடை, ராத்திரிச் சோறு பாதி, டீயில் சர்க்கரை இல்லை. குறட்டை குறைந்துவிட்டதாக வீட்டுக்காரர் சொல்கிறார். இதில் மெஷினின் பங்கு வாரம் ஒருமுறை சனிக்கிழமை காலை முப்பது நொடி. தினமும் ஏறினால் உப்பு கொஞ்சம் கூடினால்கூட ஒரு கிலோ ஆடும், அன்றைய நாளே கெட்டுப்போகும். இருபது ரூபாய் தையல் டேப்பும் இதே வேலையைப் பாதிக்கு மேல் செய்யும்.

ஆகவே எடைக்கு நாலரை நட்சத்திரம், கொழுப்புக் கணக்குக்கு இரண்டு, ஆப்புக்குச் சைபர். விலையில் பாதிக்குச் சாதாரண டிஜிட்டல் மெஷின் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

போன மாதம் இன்னொரு உபயோகம் தெரிந்தது. தோட்டத்து நேந்திரத் தாரை எடுக்க வந்த வியாபாரி கொக்கித் தராசில் தொங்கவிட்டு 12 கிலோ என்றார். அத்தை ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, திண்ணையில் போட்டு, முதலில் வெறும் ஆளாக ஏறினார், அப்புறம் தாரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார். கழித்துப் பார்த்தால் 13.4. வியாபாரி நம்பாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தார். 91.2 என்று வந்தது.

"இது தப்பு மெஷினுங்க" என்றார்.

அப்புறம் 13 கிலோவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.