லெம்பே நீரிணையில் வழிகாட்டியுடன் முக்குளிப்பு

இந்தோனேசியாவின் வட சுலாவெசியில் உள்ள லெம்பே நீரிணையின் கரிய எரிமலை மணலில், பதுங்கி வேட்டையாடும் உயிரினங்களைத் தேடிக் காட்டும் இந்த வழிகாட்டிச் சேவை, கொடுத்த பணத்துக்கு முழுத் தகுதியுடையது. கடற்பஞ்சின் மேல் அதன் நிறத்திலேயே அசையாமல் அமர்ந்திருந்த தவளைமீன், நெற்றியிலுள்ள தூண்டில் இழையைப் புழுவைப்போல் ஆட்டி, நெருங்கி வந்த சிறுமீனைச் சுமார் 6 மில்லிவினாடியில் உறிஞ்சிவிடுவதால், அந்தக் கணம் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. இரையாகும் உயிர்களும் சளைத்தவையல்ல. இரண்டு சிரட்டைகளுக்குள் தன்னை மூடிக்கொண்ட ஆக்டோபஸை வெகுநேரம் பார்த்தோம். பேத்தை மீனைச் சீண்டி உப்பவைப்பது அதனை வதைப்பதாகும் என்று, புறப்படும் முன்பே வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது மிகவும் பாராட்டத்தக்கது. ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர் என்பது மட்டும் அதிகம்; பின்னால் வருபவர்களுக்குக் கலங்கிய மணலே மிஞ்சுகிறது.