நேரில் நூலகமா, மின்னூலகமா?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் ஆய்வு மாணவர்களும் அடிக்கடி கேட்பது இது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் எடுத்துக்கொள்வோம்.

செலவு: அங்கே பஸ் காசு, இங்கே டேட்டா.

பழைய நூல்: மின்னூலகம்தான். தொட்டால் பொடியும் பதிப்புகள், இதழ்கள், ஓலைச்சுவடிகள்கூட ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பக்கத்தின் படம் மட்டுமே. உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது; பொருளடக்கத்தைப் பார்த்துப் புரட்ட வேண்டியதுதான்.

புது நூல்: பதிப்புரிமை இருப்பதால் நேரில் போவதே வழி.

உட்கார்ந்து படிக்க: 2010-இல் திறந்த அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு, பிரெய்ல் பிரிவும் உண்டு. போனிலோ, பாதியில் வாட்ஸ்அப் கூப்பிடும்.

தேர்வுக்காரர்கள் கோட்டூர்புரம் போங்கள். பழம்பதிப்பு தேடுகிறவர்கள் பஸ் ஏறுமுன் மின்னூலகத்தில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.