‘புத்தம் புதிய’ ரன்-ஃபிளாட் டயர்: கொழும்பில் எங்களை ஏமாற்றிய விதம்

கொழும்பில் ரன்-ஃபிளாட் டயர் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர்) தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். புதியவை என்று சொல்லி எங்களுக்கு விற்கப்பட்ட நான்கு டயர்களில் இரண்டு, ஏற்கெனவே யாருடைய வாகனத்திலோ காற்றில்லாமல் ஓடி உள்ளே செத்துப்போனவை. வெளியே பார்த்தால் கருகருவென்று மின்னின. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஏமாற்றிய முறையை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். கடை மாறினாலும் முறை மாறாது.

எங்களுடையது பி.எம்.டபிள்யூ. 2 சீரிஸ் கிரான் டூரர். ஏழு பேர் இருக்கலாம். அம்மா, மாமி, பிள்ளைகள் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர வசதியான வாகனம். எங்களிடம் வந்தபோதே ரன்-ஃபிளாட் டயர்களோடுதான் வந்தது. ஸ்பெயார் வீல் கிடையாது. பழைய டயர்கள் தேய்ந்து முடிந்ததும், சாதாரண டயருக்கு மாறலாமா என்று யோசித்தோம். ஏறத்தாழ பாதி விலையில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில், இரவில், யானை நடமாடும் இடத்தில், இரண்டு முதியவர்களை இறக்கி வைத்துவிட்டு டயர் கழற்றும் காட்சியை என் மனைவி நினைத்துப் பார்த்தார். அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

இந்த டயர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று விளங்கும். சாதாரண டயரில் பாரத்தைத் தாங்குவது காற்று. ரன்-ஃபிளாட்டில் பக்கச்சுவருக்குள் தடித்த ரப்பரை வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். காற்று முழுவதும் போனாலும் அந்தச் சுவர் கொஞ்ச தூரத்துக்கு வாகனத்தைத் தாங்கும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடலாம் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பாரம் கூடினால் தூரம் குறையும். அப்படி ஓடும்போது சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, சூடேறுகிறது, உட்புறத்திலிருந்து ரப்பர் துகள் துகளாக உதிர்கிறது. அதற்குப் பிறகு அது ரன்-ஃபிளாட் அல்ல. காற்றில்லாமல் ஓடிய டயரைப் பஞ்சர் ஒட்டித் திரும்பப் போடவேண்டாம் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

இப்போது கள்ள வியாபாரியின் பக்கம் நின்று பாருங்கள். புது டயர் ஒன்றில் ஒரு மாதத்திலேயே ஆணி ஏறுகிறது. உரியவர் ஐம்பது கிலோமீற்றர் ஓட்டிக்கொண்டுபோய்க் கழற்றிப் போடுகிறார். தரையில் படும் பகுதி தேயவே இல்லை, கோடுகள் ஆழமாக இருக்கின்றன, பக்கச்சுவரும் வெளியே வழுவழுப்பு. உள்ளே ஒரு ஒட்டு, மேலே கொஞ்சம் பொலிஷ். எழுபதாயிரம் ரூபாச் சரக்கு தயார். சாதாரண டயரில் இந்த வித்தை இவ்வளவு இலகுவாகப் பலிக்காது.

2022 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவரை போன பிறகு, இறக்குமதி டயரின் விலையைக் கேட்பதற்கே துணிச்சல் வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 வீதம். பஞ்சிகாவத்தையிலும் ஆமர் வீதியிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கள் அளவு 205/55 ஆர் 17. பெரும்பாலான இடங்களில் “இல்லை” அல்லது “சொல்லி எடுப்பிக்க வேண்டும்”. இருந்த இடங்களில் ஒரு டயர் தொண்ணூறாயிரத்துக்கு மேல். இந்தக் கடையில் மட்டும் 78,000 சொன்னார்கள். சந்தேகம் வரும் அளவுக்கு மலிவல்ல. மற்ற இடத்தை விட்டுவிட்டு வரும் அளவுக்கு மலிவு. சாமர்த்தியம் அதில்தான் இருந்தது.

“அண்ணா, நம்முடைய ஆட்கள் என்றபடியால்தான் இந்த விலை. வெளியில் சொல்லிவிடாதீர்கள்” என்றார் கவுண்டரில் இருந்தவர். கொழும்பில் கவுண்டருக்கு அப்பாலிருந்து தமிழ் கேட்டால் நமக்கு மனம் கொஞ்சம் இளகிவிடுகிறது. அந்த இளக்கத்தையும் அவர் விலைக்குள் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

பணம் கொடுக்கும் நேரத்தில் முதலாவது இழுபறி. கார்டு என்றால் மூன்று வீதம் கூடும் என்றார். கார்டில் கொடுப்பதற்காக வாடிக்கையாளரிடம் மேலதிகமாக அறவிடக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. அப்படிக் கேட்டால் கார்டு மெசினைக் கொடுத்த வங்கியிடம் முறையிடலாம். இதைச் சொன்னதும் முகம் சுருங்கியது, ஆனால் கார்டை வாங்கிக்கொண்டார். இரண்டாவது இழுபறி பற்றுச்சீட்டில். “டயர் 4” என்று மட்டும் எழுதி நீட்டினார். என் மனைவி அதைத் திருப்பிக் கொடுத்து, பிராண்ட், அளவு, ரன்-ஃபிளாட், புதியது என்று நான்கையும் எழுதும்படி சொன்னார். “அக்கா, எங்களை நம்பவில்லையா?” என்று கேட்டுக்கொண்டே எழுதினார். அந்த நான்கு சொற்கள் பின்னால் எங்களுக்கு மூன்று இலட்சம் ரூபாப் பெறுமதி பெற்றன.

டயர்களைக் காட்டிய விதத்தையும் கவனியுங்கள். இரண்டு டயர்கள் கடையின் முன்னால், பிளாஸ்டிக் சுற்றி, தயாரிப்பாளரின் ஸ்டிக்கரோடு நின்றன. அவற்றைத் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள், உற்பத்தித் திகதியையும் தாங்களாகவே காட்டினார்கள். மற்ற இரண்டும் “ஸ்டோரிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன”. வெயில் வேறு, உள்ளே ஏசி அறையில் இருந்து தேநீர் குடியுங்கள் என்றார்கள். அந்த அறையிலிருந்து பார்த்தால் டயர் மாற்றும் இடம் தெரியாது. வெளியே வந்தபோது நான்கும் பூட்டி, பேலன்ஸ் செய்து, பொலிஷ் அடித்து முடிந்திருந்தது. ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டதற்கு, பேலன்ஸ் செய்வதற்காக உரித்துவிட்டோம் என்றார்கள். முன்சக்கரங்கள் இரண்டிலும் திகதி வெளிப்பக்கம் தெரிந்தது. பின்சக்கரங்களில் தெரியவில்லை. டயரின் முழு அடையாள எண், உற்பத்தித் திகதியோடு, பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும் என்பது உண்மைதான். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பூட்டிவிட்டால், வாகனத்தைத் தூக்காமல் யாரும் வாசிக்க முடியாது.

இது ஜூனில். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டோம்.

சிலாபம் தாண்டியதும் காற்று குறைகிறது என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. சுவர் விறைப்பானது என்பதால் காற்றுப் போன ரன்-ஃபிளாட் வெளியே நிமிர்ந்துதான் நிற்கும். (விளக்கு வேலை செய்யாத வாகனத்துக்கு இந்த டயரைப் போடுவது ஆபத்து என்பதும் இதனால்தான்.) புத்தளம் ஐம்பது கிலோமீற்றர் அளவில் இருந்தது. அறுபதுக்கு மேல் வேகம் கூட்டாமல் போனோம். முந்தலை நெருங்குவதற்குள் ரப்பர் எரியும் வாடை, பிறகு பின்பக்கம் தரையோடு அடிக்கும் சத்தம். முப்பது கிலோமீற்றர்கூட ஓடியிருக்காது. இடது பின் டயரின் சுவர் கிழிந்து ரிம் தரையில் உரசிக்கொண்டிருந்தது. மாமி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பிரேக்டவுன் லொறியைக் கூப்பிட்டேன்.

புத்தளத்தில் கிடைத்த டயர் கடைக்காரரைப் பற்றி ஒரு சொல் எழுதாமல் போனால் நன்றி கெட்டதனம். ரன்-ஃபிளாட்டின் விறைத்த சுவரை வெறும் நெம்புகோலால் கழற்றப் போனால் ஓரம் கிழியும், ரிம் பிளக்கும். உதவிக் கை பொருத்திய மெசின் வேண்டும். அது அவரிடம் இருந்தது. கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். ஆணி ஏறிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, காய்ந்து கறுத்த பழைய பஞ்சர் ஒட்டு.

“தம்பி, இதை எப்போது ஒட்டினீர்கள்?”

“ஒட்டவே இல்லை நானா. ஜூனில்தான் புதிதாக வாங்கினேன்.”

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வலது பின் டயரையும் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். இதுதான் முக்கியமான இடம். கிழிந்த டயருக்குள் கிடந்த ரப்பர்த் தூளை, அன்று நாங்கள் ஓடியதால் வந்தது என்று கடைக்காரர் சொல்லித் தப்பிவிடலாம். வலது டயரிலோ எங்களிடம் வந்த நாளிலிருந்து காற்றுக் குறைந்ததே இல்லை. அதைக் கழற்றிக் கவிழ்த்ததும் கைப்பிடி அளவு கறுத்த தூள் கொட்டியது. உட்சுவரைச் சுற்றிவர, ரப்பர் அரைந்த வளையம். அதிலும் ஓர் ஒட்டு. உள்ளே திருப்பிப் பூட்டியிருந்த பக்கத்தில் திகதி: 3517. அதாவது 2017 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம்.

“வெளியே மணமகன், உள்ளே மையித்து (பிணம்)” என்று நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூலியாக அவர் கேட்டது கழற்றிய காசு மட்டும். ஒட்டுகள், தூள், திகதி எல்லாவற்றையும் பற்றுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொன்னதும் அவர்தான். குடும்பத்தை யாழ்ப்பாணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வாகனத்தையும் இரண்டு டயர்களையும் லொறியில் போட்டுக்கொண்டு நான் கொழும்பு திரும்பினேன்.

கடையில் “அண்ணா” மறைந்து “சேர்” வந்துவிட்டது. முதலில், காற்றில்லாமல் அதிக தூரம் ஓட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். வலது டயரைக் காட்டினேன். இது எங்கள் டயரே இல்லை, வழியில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றார்கள். கடைசியில், ரன்-ஃபிளாட்டுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சுவரில் எழுதியிருக்கிறதே என்றார்கள். எழுதித்தான் இருந்தது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். பழையதைப் புதியது என்று விற்றதற்கும் உத்தரவாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முதலாளி வெளிநாடு போயிருக்கிறார் என்று பதில் வந்தது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். அந்தச் சபைக்குரியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம்; அதன்படி பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேரவேண்டும். இதை மறந்துவிடாதீர்கள். டயர் மாதிரியான பொருளில் குறை தெரிவதற்கே மாதங்கள் ஆகும். கடைக்காரரோ “அடுத்த கிழமை பார்ப்போம்” என்று நாளை இழுத்துக்கொண்டே இருப்பார், காரணத்தோடுதான். தொலைபேசி இலக்கம் 1977. தமிழில் எழுதிய முறைப்பாட்டோடு பற்றுச்சீட்டின் பிரதி, கார்டுத் துண்டு, படங்கள் எல்லாவற்றையும் வைத்தேன். விசாரணைக்கு அழைப்பு வந்ததும் வெளிநாட்டிலிருந்த முதலாளி திரும்பிவிட்டார்.

அடுத்த முறை வாங்கும்போது என்ன செய்வேன் என்று பலர் கேட்டார்கள். நான்கு டயரும் ஒரே இடத்தில், ரிம்மில் ஏற்றுவதற்கு முன், என் கண் முன்னால் இருக்கவேண்டும். ஒவ்வொன்றின் உள்ளேயும் கையை விட்டுத் தடவுவேன். புதிய டயரின் உட்புறத்தில் ஒட்டும் இருக்காது, அரைந்த வளையமும் இருக்காது, கையில் தூள் வராது. நான்கு இலக்கத் திகதியை நான்கிலும் வாசித்து அதையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்வேன். ரன்-ஃபிளாட் என்பதற்கு பிராண்டுக்கு ஒரு குறி உண்டு: பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்.எஃப்.டி., கொன்டினென்டலில் எஸ்.எஸ்.ஆர்., மிஷலினில் இசட்.பி., குட்இயரில் ஆர்.ஓ.எஃப். அந்த எழுத்துகள் சுவரில் அச்சாகியிருக்கவேண்டும். கடைக்காரரின் வாயில் இருந்தால் போதாது. ஆனால் எழுத்து இருப்பதால் மட்டும் எதுவும் உறுதியாகிவிடாது. எங்களுடைய செத்த டயர்களிலும் அவை தெளிவாகவே இருந்தன. ஏசி அறையும் தேநீரும் தந்தால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு மெசினுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

நான்கு டயர்களின் பணமும் திரும்பக் கிடைத்தது. லொறிச் செலவும் உரசிய ரிம்மும் எங்கள் கணக்கில். பணம் தருவதற்கு முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார்: டயர்கள் எல்லாம் கடைக்குத் திரும்பி வரவேண்டும். கிழிந்ததையும் சேர்த்தா என்று கேட்டேன். கிழிந்தது வேண்டாம், வலது பின் டயர் கட்டாயம் வேண்டும் என்றார். கொடுத்தேன். கொடுப்பதற்கு முதல் நாள் தெமட்டகொடையில் ஒரு பட்டறையில் அதன் பக்கச்சுவரை இரண்டு இடத்தில் குறுக்காக அறுத்து வாங்கியிருந்தேன். அதைக் கண்டதும் அவருடைய முகம் போன போக்கில், அது அடுத்து எந்த வாகனத்துக்குப் போகவிருந்தது என்பது எனக்கு விளங்கியது.