நீதிபோதனை வகுப்பா, நலப்பணி முகாமா?

பிள்ளைகளுக்கு நல்ல பண்பைக் கற்றுத்தருவது நீதிபோதனை வகுப்பா, நாட்டு நலப்பணித் திட்ட முகாமா? இரண்டையும் பார்த்தவன் நான். எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு நீதிபோதனைப் பாடவேளை இருந்தது. கணக்குப் பாடம் பாக்கி நின்றால் முதலில் பறிபோவது அதுதான். ஆசிரியரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பொதுத்தேர்வு அவர் தலையில் இருந்தது. வகுப்பு நடந்த நாட்களில் ஒரு செய்யுள், ஒரு கதை, இரண்டு கேள்விகள். நேர்மை, பொறுமை என்ற சொற்களை அங்கேதான் கற்றோம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் வேறு மாதிரி. 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. கல்லூரி மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு பணி செய்ய வேண்டும்; அதோடு ஒரு கிராமத்தில் 7 நாள் முகாம்.

எங்கள் முகாமில் முதல் நாள் நான்தான் பரிமாறினேன். முன்வரிசைக்கு உருளைக்கிழங்கை அள்ளி வைத்தேன். கடைசி எட்டுப் பேருக்கு வெறும் ரசம்தான் மிஞ்சியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் இலையைப் பார்த்தபோது முகம் சுட்டது. மறுநாள் பந்தியைக் கடைசியிலிருந்து தொடங்கினேன். எந்தக் கதையும் எனக்கு அப்படி உறைத்ததில்லை.

முகாமிலும் பெயருக்கு வந்து சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் உண்டு. சரி, இருந்தாலும் என் ஓட்டு முகாமுக்குத்தான். பிளஸ் டூவிலும் இத்திட்டம் இருக்கிறது. உங்கள் பிள்ளை பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டால், டியூஷனைக் காட்டித் தடுக்காதீர்கள்.